வாயில் பஞ்சை வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை

மதிப்பிற்குரிய பல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கைத்திறனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லில் எனக்குச் செய்த ரூட் கெனால், அதாவது பல்லின் உள்ளே நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை, அருமையாக அமைந்திருப்பதாக, பிறகு எக்ஸ்ரேயைப் பார்த்த இன்னொரு மருத்துவரே சொன்னார். வலித்தது அந்தப் பல் இல்லை என்பது மட்டும்தான் சிக்கல்.

ஆறு வாரம் வலது பக்கம் முழுக்க வலி. காது, பொட்டு, தாடை என்று எங்கே கை வைத்தாலும் அங்கே வலிப்பது போல இருக்கும். படுத்தால் விண்விண் என்று தெறிக்கும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். அதனால் இரவெல்லாம் நாற்காலிதான் படுக்கை. இரண்டு மணிக்கு வீடே தூங்கிக்கொண்டிருக்க, ஒரு வாய்த் தண்ணீரை வலது பக்கம் படாமல் தலையைச் சாய்த்து விழுங்குவது எப்படி என்று பழகிக்கொண்டிருந்தேன். பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் மென்மையான சதையைக் கூழ் என்கிறார்கள், அது வீங்கினால் விரிய இடமில்லை, சுற்றிலும் கெட்டியான சுவர், படுத்தால் தலைப் பக்கம் ரத்த அழுத்தம் கூடி வலி ஏறும் என்பதெல்லாம் பிறகு நானே தேடிப் படித்தவை. ஆறு வாரத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை.

அந்தக் கூழில் உள்ள நரம்புக்கு வலி தெரியும், இடம் சரியாகத் தெரியாது. மேல் பல் வலியைக் கீழ்த்தாடையில் காட்டும். வீக்கம் வேரைத் தாண்டிப் பல்லைச் சுற்றியுள்ள சவ்வைத் தொட்ட பிறகுதான் 'இதுதான்' என்று விரல் வைக்க முடியும். இது உங்களுக்குப் பாலபாடம், எனக்குத்தான் புதிது. நான் கையைக் கீழே காட்டினேன், அங்கே சொத்தைக்கு வைத்த ஒரு பழைய அடைப்பும் இருந்தது, வேலை ஆரம்பமாகிவிட்டது. "மேலேயும் ஒரு மாதிரி இருக்கு டாக்டர்" என்று சொல்ல நினைத்தபோது கன்னத்தில் பஞ்சு, நாக்குக்கடியில் எச்சில் உறிஞ்சும் குழாய். "ஆ... ஆ..." என்றேன். "வலிக்குதா? இன்னும் கொஞ்சம் ஊசி போடலாம்" என்றார்.

இரண்டாவது மருத்துவர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டை மேல் பல்லின் ஒவ்வொரு முனையிலும் வைத்துக் கடிக்கச் சொன்னார். கடித்தபோது ஒன்றுமில்லை. விட்டேன், உயிர் போனது. விரிசல். எக்ஸ்ரேயில் பல நேரம் இது தெரியாதாம். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அந்த இரண்டு நிமிடத்தைத்தான் கேட்கிறேன். எந்தப் பல், எப்படித் தெரிந்துகொண்டீர்கள், என்னென்ன வழி உண்டு, காத்திருந்தால் என்ன ஆகும்? இவ்வளவுதான். குளிர்ச்சி பட்டதும் சுள்ளென்று கூசி உடனே நின்றுவிட்டால் அடைத்தாலே பல்லைக் காப்பாற்றலாம். நிமிடக்கணக்கில் நீடித்தால் பெரும்பாலும் ரூட் கெனால் அல்லது பிடுங்குவது. விரிசல் வேருக்குள் ஆழமாக இறங்கிவிட்டால் பெரும்பாலும் பிடுங்குவதுதான். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வலி திடீரென்று நின்றால் குணமானதாக அர்த்தமில்லை, நரம்பு செத்திருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நான் அப்படி ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

முதலில் தந்த ஆன்டிபயாட்டிக் வேறு கதை. முகம் வீங்கவில்லை, காய்ச்சல் இல்லை. கூழ் அழற்சியின் வலியை அந்த மாத்திரை குறைக்காது என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இலேயே வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. ஐந்து நாள் விழுங்கினேன். வயிறு மட்டும் கெட்டது.

காத்திருக்கும் அறையில் பளிச்சென்று சிரிக்கும் முகங்களின் படத்துக்குச் சுவர் முழுக்க இடம் இருக்கிறது. பல்லை வெண்மையாக்க எத்தனை வகை உண்டு என்று கேட்காமலே விளக்கினார்கள். பல்லைப் பிடுங்காமல் வைத்துக்கொள்ள எத்தனை வகை உண்டு என்பதற்கு மட்டும் நேரமில்லை. சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். வெளியே எத்தனை பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நானே மூன்று முறை அந்த வரிசையில் இருந்தவன்.

ஆனாலும் மறுபடி கேட்கிறேன்: பஞ்சை வைப்பதற்கு முன் சொல்லுங்கள். நாங்கள் பேச முடிகிற நேரம் அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் மேல் பல்லுக்குக் கேப், அதாவது மூடி உறை, போட வருகிறேன். நாற்காலியைச் சாய்ப்பதற்கு முன் நான்கு கேள்வி கேட்பேன், தாளில் எழுதியே எடுத்து வருகிறேன். தயவுசெய்து அதுவரை கையுறையை மாட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
இடது பக்கம் மட்டுமே மென்று பழகிவிட்ட ஒருவன்