பழைய நிரலும் புதிய மொழியும்: மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பழைய பில்லிங் மென்பொருளை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதப் போகிறோம், கோ, ரஸ்ட் என்ற நிரல் மொழிகளில் எதில் எழுதுவது என்று குழுவில் வாக்குவாதம் ஓயவில்லை, நீ என்ன நினைக்கிறாய் அம்மா என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

நீ மொழியை எடிட்டரில் பார்க்கிறாய். நான் அதே மொழியை நின்றுபோன சர்வரின் லாக்கில், அதாவது அது எழுதி வைத்த பதிவேட்டில், பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதிய நிரல்களை ஓட வைப்பதே என் பிழைப்பு. ஒரு மொழியில் எழுதும்போது மனதுக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது என்று சொல்ல நான் தகுந்த ஆள் இல்லை. அந்த மொழியில் எழுதிய நிரல் எப்படிச் சாகிறது, சாகும்போது காரணத்தைச் சொல்லிவிட்டுச் சாகிறதா, எழுதியவர் வேறு வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆன பிறகும் அதை அச்சமில்லாமல் திறந்து திருத்த முடிகிறதா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் மொழிகளை எடை போடுவது இதை வைத்துத்தான்.

இந்தக் கணக்கில், உன் நண்பர்கள் கிழட்டு மொழி என்று ஒதுக்கும் ஜாவாவுக்கு நான் நல்ல மதிப்பெண் தருவேன். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஜாவா நிரல் திடீரென்று பதில் சொல்லாமல் போனால், அதை நிறுத்தாமலே ஒரே கட்டளையில் அதன் ஒவ்வொரு திரெட்டும், அதாவது உள்ளே இணையாக ஓடும் ஒவ்வொரு வேலையும், எந்த வரியில் காத்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒன்றின் பூட்டுக்காக இன்னொன்று காத்திருக்கும் முட்டுக்கட்டை என்றால் அதையும் பெயரோடு எழுதிக் காட்டும். நடு இரவில் எழுப்பப்பட்ட ஒருவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. அதற்கு நினைவகத்தைக் கொட்டிக் கொடுக்க வேண்டும் என்பதும் உண்மை. ஒரே இயந்திரத்தில் நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கண்டெய்னர்கள் பரவிய தொடக்கத்தில், தனக்கு ஒதுக்கிய அளவைப் பார்க்காமல் இயந்திரத்தின் மொத்த நினைவகத்தையும் தன்னுடையது என்று எண்ணிக்கொண்டது ஜாவா. இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதைக் கொன்றுபோடும். லாக்கில் ஒரு வரி இருக்காது. வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டதைக் குறிக்கும் 137 என்ற வெளியேறு எண் மட்டும் மிஞ்சும். 2018-இல் வந்த ஜாவா 10 இதைச் சரிசெய்தது. அதன் பிறகு எனக்கு ஜாவாவோடு பெரிய சண்டை இல்லை.

சி மொழியைப் பற்றி மரியாதை இல்லாமல் பேச எனக்கு வராது. 1973-இல் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் கெர்னலையே அதில் மாற்றி எழுதினார்கள். இன்று நான் பார்த்துக்கொள்ளும் லினக்ஸ் இயங்குதளம், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், எஞ்சின்எக்ஸ் வலைச் சர்வர் எல்லாம் அந்த மொழியில் எழுந்தவை. ஆனால் 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டையையும் நான் மறக்க மாட்டேன். மறுமுனையிலிருந்து வரும் செய்தி தன் நீளம் இவ்வளவு என்று சொன்னதை, இணையத் தொடர்பைப் பூட்டிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் சரிபார்க்காமல் நம்பியது. ஒவ்வொரு கேள்விக்கும் சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை எடுத்துக் கொடுத்தது. அதில் கடவுச்சொல் இருந்திருக்கலாம், சர்வரின் ரகசியச் சாவியே இருந்திருக்கலாம். யார் எதை எடுத்துப் போனார் என்பதற்கு வழக்கமான லாக்கில் தடயமும் இல்லை. உலகம் முழுக்க என்னைப் போன்றவர்கள் சான்றிதழ்களையும் சாவிகளையும் மாற்றிக்கொண்டே இருந்தோம். தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் அடைக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகத்தைக் கையாளும் பிழைகளால் வந்தவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. ஆகவே இந்தப் பிழைகளைப் பெரும்பாலும் தடுத்துவிடும் ரஸ்ட் மேல் உனக்கு இருக்கும் ஆசை வெறும் மோகம் இல்லை என்று எனக்குப் புரிகிறது. லினக்ஸ் கெர்னல் 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் ரஸ்டுக்கு இடம் கொடுத்ததும் காரணமில்லாமல் நடக்கவில்லை.

ஆனால் உங்கள் பில்லிங் நிரல் இப்போது பைத்தானில் இருக்கிறது. அந்த வகை நினைவகப் பிழை பைத்தானில் எழுதிய கணக்கில் ஏற்கெனவே வராது. அப்படியானால் ரஸ்டுக்குப் போய் எந்த நோயைக் குணப்படுத்தப் போகிறீர்கள்? உன் கடிதத்தில் நீ அடுக்கியிருக்கும் தொல்லைகளை மறுபடி பார். பைசாவை முழுமையாக்குவதில் இரண்டு அறிக்கைகளுக்கு இடையே வேறுபாடு. மாதக் கடைசி நாள் எந்த நேர வலயத்தில் முடிகிறது என்ற குழப்பம். நெட்வொர்க் தடுமாறியபோது ஒரே கட்டணத்தை இரண்டு தடவை வசூலித்தது. இவற்றில் ஒன்றையும், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் எந்தக் கம்பைலரும் பிடித்துத் தராது. மூன்றும் கணக்கின் விதிகளைத் தெளிவாக எழுதாததால் வந்தவை. மொழியை மாற்றினால் அதே குழப்பம் வேகமாக ஓடும்.

இதற்கு அண்மையில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சேர்த்து வைத்துப் பார்க்கச் சொல்வேன். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு சிறிய கோப்பு, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்களை வீழ்த்தியது. 21 தகவல் புலங்களை எதிர்பார்த்த ஒரு விதிக்கு 20 மட்டுமே கொடுக்கப்பட்டது. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போன நிரல் தன்னோடு முழு இயந்திரத்தையும் சாய்த்தது. அது சி மொழியிலிருந்து வளர்ந்த சி++ மொழியில் எழுதியது. உடனே, பார்த்தாயா, ரஸ்டாக இருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று உலகமே பேசியது. அடுத்த ஆண்டு நவம்பர் 18 அன்று, ஏராளமான இணையதளங்களுக்கு முன்னால் நின்று காக்கும் கிளவுட்ஃபிளேர் விழுந்தது. அங்கேயும் தானாக உருவாகி எல்லா இடங்களுக்கும் போகும் ஒரு கோப்புதான்; ஒரே வரிகள் இரட்டிப்பாக வந்ததால் வரம்பைத் தாண்டிப் பெருத்துவிட்டது. அதைப் படித்த நிரல் ரஸ்டில் எழுதப்பட்டது. பிழை வராது என்று எண்ணி, வந்தால் செத்துவிடு என்று விட்டிருந்த ஒரு வரியில் அது செத்தது. ரஸ்ட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, நினைவகத்தைக் கெடுக்கவில்லை. ஆனால் இணையதளங்கள் திறக்கவில்லை. இரண்டிலும் மொழி வேறு, பழக்கம் ஒன்று: வெளியாள் தரும் தகவலைச் சந்தேகிக்கும் நாம், நம் வீட்டிலேயே தயாரான கோப்பைச் சோதிக்காமல் எல்லா இயந்திரங்களுக்கும் வேகமாக அனுப்பிவிடுகிறோம். முதலில் சில இயந்திரங்களுக்கு அனுப்பி, பார்த்து, பிறகு மற்றவற்றுக்கு அனுப்பும் ஒழுங்கு உங்கள் இடத்தில் உண்டா? மொழி எது என்று என்னைக் கேட்பதற்கு முன்னால் குழுவை இதைக் கேள்.

கோ மொழியைப் பற்றி. எனக்கு அதைப் பிடிக்கும். ஒரே கோப்பாக வருகிறது, சர்வரில் வைத்தால் ஓடுகிறது, அதைச் சுற்றி வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை. 2012-இல் முதல் பதிப்பு வந்தபோது, இன்று எழுதும் நிரல் நாளையும் கம்பைல் ஆகும் என்று வாக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலும் காப்பாற்றியும் வருகிறார்கள். இந்த வாக்கின் மதிப்பு பைத்தான் 2-இலிருந்து 3-க்குப் போனவர்களுக்குத் தெரியும். 2008 டிசம்பரில் 3.0 வந்தது, பழையதற்கு விடை கொடுத்தது 2020 ஜனவரி 1. இடையில் பதினோரு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் இரண்டு பைத்தான்களையும் ஒரே இயந்திரத்தில் அக்கம்பக்கமாக வைத்துக் காத்தது நிரல் எழுதியவர்கள் இல்லை, நாங்கள். இவ்வளவு சொன்னாலும் என் சொந்தக் கருவிகளை நான் இன்னும் பைத்தானில்தான் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குப் பிறகு வருபவர் அதைப் படித்துவிடுவார். பெர்ல் அப்படி இல்லை. நெடுங்காலமாக ஒரு எழுத்துகூட மாறாமல் ஓடும் பெர்ல் நிரல்கள் என்னிடம் உண்டு, அவற்றைத் திருத்தத் துணிபவர்தான் இல்லை. கட்டளைகளை அடுக்கி எழுதும் ஷெல் நிரல் ஒரு பக்கத்தைத் தாண்டினால் நிறுத்திவிட்டு வேறு மொழிக்குப் போய்விடு.

கோ மொழியில் ஒரு குறையும் உண்டு, உன் குழு அதில் போனால் முதல் நாளிலிருந்தே கண்டிப்பாக இரு. பிழையைக் கீழிருந்து மேலே அப்படியே கடத்திவிடுவது அங்கே மிக எளிது. கடைசியில் லாக்கில் நேரம் கடந்துவிட்டது என்று ஒரு வரி வரும். யாருக்காக, எந்தச் சர்வரிடம், எந்தப் பில்லுக்காகக் காத்திருந்தபோது என்று ஒன்றும் இராது. ஒவ்வொரு படியிலும் எதைச் செய்ய முயன்றேன் என்பதைச் சேர்த்து அனுப்பச் சொல்.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது அதோடு வரும் லைப்ரரிகளையும், அதாவது அந்நியர்கள் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளையும், நீ தேர்ந்தெடுக்கிறாய். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற வெறும் 11 வரி நிரலை எழுதியவர் அதை, ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளைப் பகிரும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். பெரிய பெரிய நிறுவனங்களில் நிரலைத் தொகுத்து ஓடத் தயாராக்கும் பில்டுகள் நின்றன. ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்க்கும் வேலை அது. 2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே லைப்ரரியின் ஓட்டை வெளிவந்தபோது, திருத்துவது எப்படி என்பதைக் காட்டிலும், அது நம்மிடம் எங்கெல்லாம் இருக்கிறது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. பெரும்பாலான இடங்களில் அதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. லைப்ரரிக்குள் லைப்ரரி, அதற்குள் இன்னொன்று என்று அது ஒளிந்திருந்தது.

எக்ஸ்இசட் விவகாரம் இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது. கோப்புகளைச் சுருக்கும் சிறு லைப்ரரி அது, ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. அதைச் சம்பளமில்லாமல் நெடுங்காலம் பராமரித்து வந்தவர் தளர்ந்திருந்தார், தளர்ந்திருப்பதாக வெளிப்படையாக எழுதியும் இருந்தார். உதவ வந்தவன் போல ஒருவன் புனைபெயரில் வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தான். ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள் என்று முகம் தெரியாதவர்கள் மூத்தவரை நெருக்கினார்கள். பொறுப்பு கைமாறியது. 2024-இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு வைக்கப்பட்டது. மார்ச் மாத இறுதியில் அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிரொயண்ட், போஸ்ட்கிரெஸில் வேலை செய்பவர். தொலைவிலிருந்து சர்வருக்குள் புகும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக எடுத்துக்கொள்வது அவர் கண்ணில் உறுத்தியது. அரை நொடிதானே என்று விடாமல் காரணத்தைத் தோண்டிப் போனார். அவர் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குக் கை நடுங்குகிறது. இதில் எந்த மொழியின் குற்றமும் இல்லை. தான் சாய்ந்திருக்கும் தூண் எது, அதைத் தாங்கி நிற்பவர் யார், அவர் நலமாக இருக்கிறாரா என்று ஒருமுறைகூடக் கேட்காத துறையின் குற்றம்.

அதனால்தான் உன் கடிதத்தின் கடைசிப் பத்தி என்னை வருத்தியது. பழைய நிரலைப் பார்த்துக்கொள்பவள் என்றுதான் எல்லோரும் என்னை நினைக்கிறார்கள், புதிதாக ஒன்றைக் கட்டினால்தான் பதவி உயர்வு என்று எழுதியிருக்கிறாய். நீ சொல்வது நடப்பு. இந்தத் துறை தொடங்குபவருக்கு மேடை தருகிறது, காப்பவருக்கு இரவில் எழுப்பும் பேஜரைத் தருகிறது. மொழியைத் தேர்ந்தெடுத்தவர் அதைத் தன் விண்ணப்பத்தில் எழுதிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். அந்த நிரல் விழும் இரவில் எழுபவர் வேறொருவர். நான் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன், இன்னும் கோபம் ஆறவில்லை. பல ஆண்டுகள் ஓடிய நிரலில், யாரும் எழுதி வைக்காத விதிகள் நூற்றுக்கணக்கில் புதைந்திருக்கின்றன. உங்கள் குழுவில் அவற்றை அறிந்தவள் நீ ஒருத்திதான். நீ ஒதுங்கி நின்றால் புதிதாக எழுதுபவர்கள் அந்த விதிகளை ஒவ்வொன்றாக வாடிக்கையாளரின் புகாரிலிருந்து கற்றுக்கொள்வார்கள்.

என் முடிவைக் கேட்டாய். இப்போதைக்குப் புதிதாக எழுத வேண்டாம். அந்த மூன்று தொல்லைகளைப் பைத்தானிலேயே தீர்க்கலாம்: பணத்தை, தசமத்தைத் தோராயமாகச் சேமிக்கும் மிதவை எண்ணில் வைக்காதே, ஒவ்வொரு வசூலுக்கும் தனி அடையாள எண் கொடுத்து இரண்டாம் முறை வந்தால் மறுத்துவிடு, நேரத்தை எல்லா இடத்திலும் உலகப் பொது நேரமான யுடிசி-யில் சேமித்து மாத எல்லையை ஒரே இடத்தில் தீர்மானி. குழு கேட்காமல் எழுதியே தீர்வோம் என்றால் கோ போதும். ரஸ்டுக்கு உங்களிடம் ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அவர் விடுப்பில் போகும் வாரத்தை நினைத்துப் பார். புதிய நிரல் வந்ததும் பழையதை அணைக்காதே. ஒரே தகவலை இரண்டுக்கும் கொடுத்து, மாத முடிவு ஒன்றாவது தாண்டும் வரை விடைகளை ஒப்பிடு. எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் புதைந்த விதி இருக்கும். பேக்கப்பை மீட்டுப் பார்க்காமல் மாற்றத்துக்கு நாள் குறிக்காதே. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்லேப் தளத்தில் தரவுத்தளம் தவறுதலாக அழிந்தபோது ஐந்து வகை பேக்கப் ஏற்பாடுகளில் ஒன்றுகூட நம்பும்படி இல்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். யாரோ ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது.

பேஜர் முறைப் பட்டியலில் புதிய நிரலை எழுதுபவர்கள் பெயரும் இருக்க வேண்டும் என்பதைத் திட்டத்தில் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள். பிறகு கேட்டால் கிடைக்காது. நீ தனியாக இரவுகளைச் சுமப்பது எனக்குச் சம்மதமில்லை. நிர்வாகத்திடம் இதைப் பேசத் தயங்கினால் என்னிடம் முதலில் பேசிப் பார்.

கூட்டம் எந்த நாளில் என்று எழுது. அதற்கு முன் உங்கள் நிரல் நம்பியிருக்கும் லைப்ரரிகளின் பட்டியலை எடுத்து வை, ஒவ்வொன்றையும் யார் பராமரிக்கிறார், கடைசியாக எப்போது தொட்டார் என்று வார இறுதியில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா