செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: கல்வி உதவி நிதியும் அதை முதலீடு செய்யும் பொறுப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்த உறுப்பினர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மேற்கு மாம்பலத்தில் இயங்கிவரும் நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின், 2025 மார்ச் 31-ஆம் தேதியுடன் முடிந்த ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை அகற்றல் தொடர்பாக மாநகராட்சியுடன் நடந்த கடிதப் போக்குவரத்தும், மருத்துவ முகாம் பற்றிய விவரமும் இணைப்பில் உள்ளன. தணிக்கை செய்யப்பட்ட கணக்கு உறுப்பினர்களுக்கு முன்பே அனுப்பப்பட்டுவிட்டது. இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டதும், உறுப்பினர்களிடையே உண்மையான கருத்து வேறுபாட்டை எழுப்பியதும் ஒரே பொருள்தான். சங்கம் நிறுவி நடத்திவரும் கல்வி உதவி அறக்கட்டளையின் மூலநிதியை எங்கே, எந்த அதிகாரத்தின் பேரில் முதலீடு செய்வது என்பதே அது. ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்க அனுமதி வேண்டுகிறேன்.

பிரச்சினை தொடங்கியது வட்டி விகிதத்தில். 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையே ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை மூன்று முறை குறைத்து, 6.50 சதவீதத்திலிருந்து 5.50 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. வங்கிகளும் அதையொட்டி வைப்புத்தொகை வட்டியைக் குறைத்தன. முதிர்வடைந்த நமது நிரந்தர வைப்புகளைப் புதுப்பிக்கச் சென்ற பொருளாளர், பழைய வட்டி இனிக் கிடைக்காது என்ற செய்தியோடு திரும்பினார். கல்லூரிக் கட்டணமோ ஏறிக்கொண்டே போகிறது. உதவி கேட்டு வரும் மாணவர்களின் விண்ணப்பமும் குறையவில்லை. இந்த நிலையில், மூலநிதி இன்னும் கூடுதலாக ஈட்ட வேண்டும் என்று உறுப்பினர்கள் சிலர் எழுத்து மூலம் ஆலோசனை வழங்கினார்கள். அவர்களுடைய அக்கறையைச் செயற்குழு மதிக்கிறது. அந்த ஆலோசனைகள் ஒவ்வொன்றையும் சட்டத்தின் முன் வைத்துப் பார்த்தது.

முதல் ஆலோசனை, நிதியின் ஒரு பகுதியை நிதி நிறுவனத்தில், அதாவது நம் ஊரில் ‘பெனிபிட் ஃபண்ட்’ என்று தலைமுறை தலைமுறையாக வழங்கப்படும் நிதி கம்பெனியில் போடலாம் என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் வேரூன்றிய அமைப்பு இது. நம்மில் பலரின் வீடும் பிள்ளைகளின் திருமணமும் அதன் துணையோடு நடந்திருக்கின்றன. ஆனால் நமது அறக்கட்டளைக்கு அந்தக் கதவு மூடப்பட்டிருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் நிதி விதிகளின்படி நிதி கம்பெனி தன் உறுப்பினர்களிடமிருந்து மட்டுமே வைப்புத்தொகை பெறலாம். அதே விதிகள் ஓர் அறக்கட்டளையை உறுப்பினராகச் சேர்க்கக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்கின்றன. அறங்காவலர் ஒருவரின் சொந்தப் பெயரில் போட்டு வைக்கலாமே என்ற யோசனையும் முன்வைக்கப்பட்டது. அறக்கட்டளைப் பணத்தைத் தனிநபர் பெயரில் வைப்பது, அந்த நபர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவருடைய மறைவுக்குப் பின் வாரிசுகளிடமும் கடன்காரர்களிடமும் நாம் போய் நிற்க வேண்டிய நிலையை உண்டாக்கும். செயற்குழு இதை ஒருமனதாக நிராகரித்தது.

இரண்டாவது ஆலோசனை, சங்கத்தோடு நெருங்கிய ஒருவரின் தொழிலுக்கு, வீட்டுப் பத்திரத்தை ஈடாகப் பெற்றுக்கொண்டு, வங்கியைவிடக் கூடுதல் வட்டிக்குக் கடன் கொடுப்பது. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஒரு காலத்தில் சட்டமே இதை அனுமதித்தது. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, அறங்காவலர் பணம் போடக்கூடிய இடங்களைப் பட்டியலிட்டிருந்தது. அரசுக் கடன் பத்திரங்களோடு, கராச்சித் துறைமுக அறங்காவலர்கள் வெளியிட்ட பத்திரங்கள்வரை அதில் இடம்பெற்றிருந்தன. அசையாச் சொத்தின் மீதான முதல் அடமானமும் அதில் இருந்தது. ஆனால் சொத்தின் மதிப்பு கடன் தொகையைவிட மூன்றில் ஒரு பங்கும், கட்டடமானால் பாதியும் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நாடு பிரிந்து எழுபது ஆண்டுகள் ஆகப்போகும் நிலையில்தான், 2016-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்தப் பழைய பட்டியலை நீக்கியது. அறக்கட்டளைப் பத்திரம், அதாவது அறக்கட்டளையை நிறுவிய ஆவணம், வெளிப்படையாக அனுமதிக்கும் முதலீட்டுப் பத்திரங்களிலோ, மத்திய அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் முதலீட்டுப் பத்திரங்களிலோ முதலீடு செய்ய வேண்டும் என்று இப்போது அப்பிரிவு கூறுகிறது.

அச்சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. நம்முடையதைப் போன்ற பொது அறக்கட்டளைகள் அதன் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன. இருந்தும், அதில் அடங்கிய பொதுக் கோட்பாடுகளை நீதிமன்றங்கள் பொது அறக்கட்டளைகளுக்கும் வழிகாட்டியாகக் கொண்டுவந்திருப்பதால், ‘நமக்குப் பொருந்தாது’ என்று ஒதுக்கிவிட இயலாது. 54-ஆவது பிரிவு, அறங்காவலர்கள் தமக்குள்ளேயே ஒருவருக்கு அடமானத்தின் பேரிலோ தனிப்பிணையின் பேரிலோ அறக்கட்டளைப் பணத்தைக் கடனாகக் கொடுப்பதைத் தடுக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு அதைவிட விரிந்தது: அறக்கட்டளையை நிறுவியவர், அறங்காவலர், அவர்களுடைய உறவினர், பெருந்தொகை நன்கொடையாளர் ஆகியோர் அறக்கட்டளைப் பணத்தால் ஆதாயம் அடைவதை அது கண்காணிக்கிறது. கடன் கேட்டவர் இந்த வட்டத்துக்குள் வராதவர் என்றே வைத்துக்கொண்டாலும், தனிநபருக்குக் கொடுக்கும் கடன் அச்சட்டத்தின் 11(5) பிரிவு ஏற்கும் முதலீடுகளில் ஒன்றல்ல.

அந்த 11(5) பிரிவே இன்று நம்மைப் போன்ற அமைப்புகளுக்கு நடைமுறையில் எல்லைக்கோடு. அஞ்சலகச் சேமிப்பு, அட்டவணை வங்கிகளிலும் கூட்டுறவு வங்கிகளிலும் உள்ள வைப்புகள், மத்திய, மாநில அரசுகளின் பத்திரங்கள், பொதுத்துறை நிறுவனங்களின் வைப்புகள், அசையாச் சொத்து என்று நீளும் அந்தப் பட்டியலில், வருமான வரி விதிகளின் 17சி விதி வழியாக மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பட்டியலுக்கு வெளியே பணம் போட்டால் முன்பு முழு வரிவிலக்கே பறிபோகலாம் என்ற நிலை இருந்தது. 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பின், விதிமீறல் சார்ந்த வருமானத்துக்கு 30 சதவீத வரி விதிக்கப்படுகிறது; அதிலிருந்து செலவையோ நட்டத்தையோ கழித்துக்கொள்ள முடியாது. இப்போதைய வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறும் என்பதால், நமது படிவங்களையும் தீர்மானப் புத்தகத்தில் உள்ள மேற்கோள்களையும் மார்ச் மாதத்துக்குள் திருத்திக்கொள்ளத் தணிக்கையாளரிடம் கேட்டிருக்கிறோம்.

மூன்றாவது ஆலோசனை, பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் மூலநிதியின் பாதியைப் போடுவது. உறுப்பினர்களிடம் மிகுந்த ஆதரவைப் பெற்றதும் இதுதான். வரிச் சட்டம் அனுமதிக்கும்போது செயற்குழு ஏன் தயங்குகிறது என்று கேட்டவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, வரிச் சட்டத்தின் அனுமதி வரிவிலக்கைக் காப்பாற்றுகிறது. அறங்காவலரைக் காப்பாற்றுவது அறக்கட்டளைப் பத்திரமும் அவர் காட்டிய கவனமும்தான். நமது அறக்கட்டளைப் பத்திரத்தில் வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, அரசுப் பத்திரம் ஆகிய மூன்றே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. பத்திரத்தை மீறி முதலீடு செய்து, அதில் லாபமே வந்தாலும் மீறல் மீறல்தான். அறக்கட்டளைகள் சட்டத்தின் 24-ஆவது பிரிவு இதில் கடுமையானது: சொத்தின் ஒரு பகுதியில் மீறலால் நேர்ந்த நட்டத்தை, வேறொரு பகுதியில் மற்றொரு மீறலால் கிடைத்த ஆதாயத்தைக் காட்டி ஈடுசெய்ய அறங்காவலருக்கு உரிமை இல்லை. சொந்தப் பணத்தில் ஒரு பங்கு விழுந்து இன்னொன்று ஏறினால் மொத்தத்தில் கணக்கு சரியாகிவிடும். பிறர் பணத்தில் அப்படிக் கணக்குப் பார்க்க முடியாது. கூட்டாகத் தவறினால், 27-ஆவது பிரிவின்படி ஒவ்வோர் அறங்காவலரும் முழு நட்டத்துக்கும் பொறுப்பாவார். செயற்குழுக் கூட்டத்துக்கு வராமல் இருந்ததால் மட்டும் எவரும் தப்பிவிட முடியாது.

அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவு, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தச் சொத்தைக் கையாளும் அளவு கவனத்தை அறங்காவலரிடம் எதிர்பார்க்கிறது. இதன் ஆழத்தை விளங்கவைத்த ஆங்கில வழக்கொன்றைச் செயற்குழுவில் படித்தோம். லியராய்டு எதிர் வைட்லி என்ற அவ்வழக்கில், அறங்காவலர்கள் 3,000 பவுண்டை ஐந்து சதவீத வட்டிக்கு, பான்டிஃப்ராக்ட் ஊருக்கு அருகில் இருந்த ஒரு செங்கல் சூளையின் அடமானத்தின் பேரில் கொடுத்தார்கள். மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வாங்கி வைத்திருந்தார்கள். ஆனால் அந்த மதிப்பு சூளை ஓடிக்கொண்டிருக்கும்வரைதான். தொழில் நின்றதும் ஈடு கரைந்துபோனது. 1887-இல், அன்று இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அறங்காவலர்களையே நட்டத்துக்குப் பொறுப்பாக்கியது. கீழ்நீதிமன்றத்தில் லிண்ட்லி நீதிபதி சொன்ன அளவுகோல் இன்றும் எடுத்தாளப்படுகிறது: தன் பேணுதலை நம்பியிருப்பவர்களுக்காக முதலீடு செய்யும் விவேகி எவ்வளவு கவனம் காட்டுவானோ, அவ்வளவு வேண்டும். வட்டிக்கு ஆசைப்படுவதில் தவறில்லை; அந்த ஆசைக்கு ஈடு எதன் மீது நிற்கிறது என்று கேட்காமல் போவதுதான் தவறு.

சென்னையில் இருக்கும் நமக்கு இதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டியதும் இல்லை. 1906 அக்டோபர் 22-ஆம் தேதி மக்களிடம் வைப்புத்தொகை வாங்கிவந்த சென்னை வணிக நிறுவனமான ஆர்பத்நாட் கம்பெனி கடையைச் சாத்தியபோது, மாகாணமெங்கும் ஆயிரக்கணக்கானோரின் வைப்புத்தொகை அதோடு முடங்கியது. அந்நிறுவனத்தின் தலைமைப் பங்காளியான சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மறு ஆண்டு தண்டிக்கப்பட்டார். அந்த இடிபாட்டிலிருந்தே, வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலானோரின் முயற்சியால் 1907 ஆகஸ்ட் 15-ஆம் தேதி இந்தியன் வங்கி தொடங்கப்பட்டது. பிறகு 1990-களில் தனியார் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்து விழுந்ததால், தமிழ்நாடு 1997-இல் வைப்பீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. நமது பகுதியிலேயே ஓய்வூதியப் பணத்தை இழந்து அந்தச் சட்டத்தின் கீழ் மனுக் கொடுத்தவர்கள் உண்டு.

இவ்வளவையும் சொன்னதால், பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டுச் சும்மா இருப்பதே பாதுகாப்பு என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அறக்கட்டளைகள் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, முதலீடு செய்து வட்டியைச் சேர்த்துவர வேண்டிய பணத்தை அப்படிச் செய்யாமல் விட்ட அறங்காவலர், அரையாண்டுக்கு ஒருமுறை கூட்டுவட்டி கணக்கிட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. விலைவாசி ஏற்றம் மூலநிதியை அரிக்கிறது என்ற உறுப்பினர்களின் வாதமும் நியாயமானது. இங்கிலாந்தின் 2000-ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டமும், அமெரிக்காவில் 1994-இல் வகுக்கப்பட்ட விவேக முதலீட்டாளர் சட்ட மாதிரியும், பட்டியலை நம்பாமல் மொத்த முதலீட்டின் பொருத்தத்தையும் பரவலையும் பார்க்கின்றன. நம் நாட்டில் பட்டியல் முறை இன்னும் நீடிக்கிறது. அதற்குள்ளேயே எவ்வளவு நன்றாகச் செய்யலாம் என்று பார்ப்பதே என் கருத்தில் நமது வேலை.

அந்த வகையில் நிரந்தர வைப்புகள் அனைத்தும் மறுவகைப்படுத்தப்பட்டுள்ளன. பள்ளி, கல்லூரிக் கட்டணம் ஜூனில் வருவதால், ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் ஒரு தொகை முதிர்வடையுமாறு தவணைகள் பிரிக்கப்பட்டன; இதனால் பாதியில் வைப்பை உடைத்து அபராதமாக வட்டியை இழக்கும் தேவை இராது. வைப்புக் காப்பீடு ஒரு வைப்பீட்டாளருக்கு ஒரு வங்கியில், அதன் எல்லாக் கிளைகளையும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம் ரூபாய்வரை மட்டுமே. 2020 பிப்ரவரிக்கு முன் இது ஒரு லட்சமாக இருந்தது. நமது மூலநிதி முழுவதையும் இந்த வரம்புக்குள் அடக்க இயலாது. ஆனாலும் ஒரே வங்கியில் குவியாதபடி பிரித்திருக்கிறோம். ரசீதுகள் அனைத்தும் அறக்கட்டளையின் பெயரிலும் அதன் நிரந்தரக் கணக்கு எண்ணிலும் இருக்கின்றனவா என்று பொருளாளர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, முதலீட்டுப் பதிவேட்டில் ரசீது எண், முதிர்வு நாள், வட்டி, தீர்மான எண் ஆகியவற்றை எழுதி வைத்திருக்கிறார்.

இவ்வாண்டு மறைந்த உறுப்பினர் ஒருவரின் குடும்பத்தார், அவர் நினைவாகச் சில கம்பெனிகளின் பங்குகளை டிமேட் எனப்படும் மின்னணுப் பங்குக் கணக்கு வழியாக அறக்கட்டளைக்கு நன்கொடை அளித்தார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் மனமார்ந்த நன்றி. இத்தகைய சொத்தைப் பெற்ற நிதியாண்டு முடிந்து ஓராண்டுக்குள் அனுமதிக்கப்பட்ட முதலீடாக மாற்ற வேண்டும் என்பது சட்டம். நமக்கு அந்தக் கெடு 2026 மார்ச் 31. விலை ஏறும்வரை காத்திருக்கலாம் என்று சிலர் சொன்னபோதிலும், காத்திருப்பது சந்தையை ஊகிப்பதாகிவிடும் என்பதால், செயற்குழு அப்பங்குகளை விற்று, குடும்பத்தாரின் விருப்பப்படி அவர் பெயரில் தனி வைப்பாக வைத்துவிட்டது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக இரு தீர்மானங்களை முன்வைக்கிறேன். செயற்குழு வகுத்துள்ள முதலீட்டுக் கொள்கையை ஏற்று, ஆண்டுதோறும் அதை மறுஆய்வு செய்து பொதுக்குழுவில் வைப்பது ஒன்று. அறக்கட்டளைப் பத்திரத்தில் உள்ள திருத்த அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும், கடன் பத்திரம் சார்ந்த மியூச்சுவல் ஃபண்டுகளைச் சிறிய வரம்புக்குள் சேர்ப்பது தகுமா என்பதையும், வழக்கறிஞர், தணிக்கையாளர் ஆகியோரின் எழுத்து மூலமான கருத்தைப் பெற்று அடுத்த கூட்டத்துக்குள் அறிக்கை தர மூவர் குழு அமைப்பது மற்றொன்று. பங்கு சார்ந்த ஃபண்டுகளை இந்த ஆண்டு பரிந்துரைக்கச் செயற்குழு முன்வரவில்லை. மாற்றுக் கருத்துடைய உறுப்பினர்கள் அம்மூவரில் இடம்பெற வேண்டும் என்பது என் தனிப்பட்ட விருப்பம். பெயர்களை இக்கூட்டத்திலேயே முன்மொழியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்