மாப்பிள்ளே, அந்தத் தோசைக்கல்லை வீட்டிலேயே வை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அம்மான் எழுதுவது. அமெரிக்காவில் கனடா எல்லையோரம் இருக்கிற பவுண்டரி வாட்டர்ஸ் என்ற ஏரிக்காட்டுக்குக் கனூவில் (துடுப்புப் படகில்) போய்க் கூடாரம் போட்டுத் தங்க, நீ வாட்ஸாப்பில் அனுப்பிய சாமான் பட்டியலை ஆச்சி என்னிடம் காட்டினார்கள். இரும்புத் தோசைக்கல், குக்கர், மடக்கு நாற்காலிகள், ஐஸ் பெட்டி. மினியாபொலிஸில் வேலை பார்த்த காலத்தில் கோடையானால் பவுண்டரி வாட்டர்ஸ் பக்கம் கிளம்பிவிடுகிறவன் நான் என்பதால், "இது சரியா, பாத்துச் சொல்லு" என்றார்கள். சரியில்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் என்று நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பலரும் இப்போது அங்கே கூட்டமாகப் போகிறார்கள். அவர்கள் பட்டியலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்பதால் எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

படகில்தானே போகிறோம், படகு சுமக்கட்டும் என்று நினைத்திருக்கிறாய். பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்த காடு அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். ஓர் ஏரி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை பாறை, வேர், சேறு என்று ஒற்றையடிப் பாதைதான். அந்த இடைவெளியைப் போர்ட்டேஜ் என்பார்கள். அங்கே மூட்டையையும் தூக்கணும், கனூவையும் கவிழ்த்துத் தோளில் வைத்து நடக்கணும். வரைபடத்தில் பாதைக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 180 என்று போட்டிருந்தால் அடி என்றோ மீட்டர் என்றோ நினைத்துவிடாதே. அது ராட் கணக்கு. ஒரு ராட் பதினாறரை அடி, 320 ராட் ஒரு மைல். ஆக 180 ராட் என்பது அரை மைலுக்கு மேல். ஒரே நடையில் எல்லாவற்றையும் தூக்க முடியாவிட்டால் போய், திரும்பி வந்து, மறுபடி போகணும். அரை மைல் ஒன்றரை மைலாகிவிடும். உன் தோசைக்கல்லுக்காக யார் அந்தக் கூடுதல் நடை நடப்பது?

இதே பாதைகளில்தான் 18ஆம் நூற்றாண்டில் பீவர் என்கிற நீர்விலங்கின் தோல் வியாபாரத்துக்காகப் பிரெஞ்சுக் கனடியத் துடுப்புக்காரர்கள் போனார்கள். ஆளுக்கு 90 பவுண்டு மூட்டை, அதுவும் இரண்டிரண்டாக. அவர்களுக்கு அது கூலி வேலை. உனக்கு லீவு. கனூ வாடகைக்கு எடுக்கும்போது காசு பார்க்காமல் கெவ்லார் என்கிற லேசான இழையில் செய்ததைக் கேள். இருபது கிலோ சுமாருக்கு இருக்கும். பழைய அலுமினியக் கனூ முப்பது கிலோவைத் தாண்டும். ஆனால் கெவ்லாரைப் பாறையில் மோதவிட்டுக் கரையேறக் கூடாது. முழங்கால் தண்ணீரிலேயே இறங்கிப் படகைத் தூக்கி வைக்கணும். அதனால் நீ வாங்கி வைத்திருக்கும் அந்த வாட்டர்ப்ரூஃப் ஷூ வீண். தண்ணீர் வழிந்தோடுகிற பழைய ஷூவே போதும். கூடாரத்துக்கென்று காய்ந்த காலணி ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்.

"தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிவரை நடந்தவன், எனக்கென்ன" என்று நீ ஆச்சியிடம் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். நடந்தாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன் பை வண்டியில் வந்தது, சாப்பாடு வழியெல்லாம் இலை போட்டுக் கிடைத்தது. இங்கே வண்டியும் நீதான், இலை போடுகிறவனும் நீதான்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். இதில் நம்ம ஊர்க்காரனுக்கு ஒரு யோகம் உண்டு. தகர டப்பாவும் கண்ணாடிப் பாட்டிலும் அந்தக் காட்டுக்குள் கூடாது என்பது சட்டம். மருந்து, பூச்சி விரட்டி மாதிரிச் சிலவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. டப்பாச் சாப்பாட்டில் பழகியவர்கள் இதைக் கேட்டுத் திணறுவார்கள். நம்ம அடுப்படியில் வெயிலில் காய்ந்ததும் வறுத்து இடித்ததும்தானே பாதி? பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த ரவை, அவல், மிளகாய் வற்றல், சுண்டை வற்றல் எல்லாம் எடை இல்லாத சாமான்கள், கெடவும் கெடாது. ஊறுகாயை மட்டும் பாட்டிலிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடு. பலகாரத்தில் தேன்குழலும் மணகோலமும் வேண்டாம். இடத்தை அடைக்கும், முதல் போர்ட்டேஜிலேயே தூளாகும். மாவுருண்டை கொண்டு போ. பாசிப்பருப்பு மாவு, சர்க்கரை, நெய் எல்லாம் இறுகி ஒரு பிடியில் அடங்குகிறது. மதியம் துடுப்புப் போட்டுக் கை ஓய்ந்த நேரத்தில் அதற்கு ஈடாகக் கடையில் விற்கிற எந்த எனர்ஜி பாரையும் நான் கண்டதில்லை. ஆச்சி உப்புக்கண்டம் போட்டு அனுப்புகிறேன் என்கிறார்கள். அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கறி என்றால் அமெரிக்க விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். நீயே அங்கே ஆட்டுக்கறி வாங்கிக் காயவைத்துக்கொள்.

இவ்வளவு மணத்தோடு போகிறாய் என்றால் கரடியை மறக்காதே. கருங்கரடிதான், மனிதனைத் தேடி வராது. மூட்டையைத் தேடி வரும். சாப்பாட்டை ஒன்று கரடி திறக்க முடியாத பெட்டியில் வைக்கணும், இல்லையென்றால் கயிறு கட்டித் தரையிலிருந்து 12 அடி உயரத்தில், மரத்திலிருந்து 6 அடி தள்ளித் தொங்கவிடணும். அப்படித் தொங்கவிடத் தோதான கிளை இருட்டில் கிடைக்காது. பெட்டியே மேல். பற்பசையும் சோப்பும் அதற்குள்ளேதான் போகணும்.

உன் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் என்று பட்டியல் சொல்கிறது. ஒரு குழுவுக்கு ஒன்பது பேர், நான்கு படகு, அவ்வளவுதான். இரண்டு பெர்மிட் எடுத்துவிட்டு உள்ளே போய் ஒன்றாகச் சேர்ந்து சமைத்துக்கொள்ளலாம் என்று நம்ம ஆட்களில் யாராவது நிச்சயம் யோசனை சொல்வான். அதுவும் கூடாது, தண்ணீரிலோ பாதையிலோ முகாமிலோ எந்த நேரத்திலும் ஒன்பதைத் தாண்டக் கூடாது. மே 1 முதல் செப்டம்பர் 30 வரை எந்த வாயிலில் எந்தத் தேதியில் நுழைகிறாய் என்பதற்குத்தான் பெர்மிட். தங்குமிடத்துக்கு முன்பதிவு கிடையாது, காலியாக இருப்பதைப் பிடித்துக்கொள்ளணும். அதனால் மதியம் மூன்று மணிக்கெல்லாம் கரையேறு. அங்கே இருப்பது இரும்புக் கம்பி போட்ட ஓர் அடுப்பும், பின்னால் காட்டுக்குள் சுவரோ கூரையோ இல்லாத ஒரு கழிப்பிடப் பெட்டியும்தான். கொசு அங்கேதான் உன்னை வரவேற்கும். ஜூனில் போகிறாய், தலைக்கு வலை வாங்கிக்கொள்.

கண்மாயில் குதித்து வளர்ந்தவன் என்ற தைரியத்தில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் படகுக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்து வராதே. அந்த ஏரிகளில் பனிக்கட்டி விலகுவதே ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில்தான். குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால் முதலில் நடப்பது, நம்மை அறியாமலே மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுப்பது. தலை நீருக்குள் இருக்கும்போது அப்படி இழுத்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. போட்டுக்கொண்டே துடுப்புப் போடு. குடிக்க நடு ஏரியில் மொண்டு, ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடு. சோப்புப் போட்டுக் குளிப்பதென்றால் கரையிலிருந்து 150 அடி தள்ளிப் போய்ப் பாத்திரத்தில் மொண்டு ஊற்றிக்கொள்.

கையில் ஒரு நாள் மிஞ்சினால் காட்டோரம் இருக்கிற ஈலி ஊரில் டோரத்தி மோல்ட்டர் வீட்டைப் பார்த்துவிட்டு வா. காட்டுக்குள் நைஃப் ஏரியில் தனியாக இருந்து, கனூவில் வருகிறவர்களுக்கு ரூட் பீர் (பெயர்தான் பீர், இனிப்புப் பானம்) செய்து கொடுத்த அம்மா அவர். 1964இல் காட்டைக் காக்கச் சட்டம் வந்து அங்கே குடியிருந்த மற்றவர்களெல்லாம் வெளியேற வேண்டியிருந்தபோது அவரையும் இன்னொருவரையும் மட்டும் ஆயுள்வரை இருக்க விட்டார்கள். அந்த அம்மா 1986இல் இறந்தார். பிறகு அந்த மரவீடுகளைப் பிரித்து, பனிக்காலத்தில் ஏரிகள் மேலேயே இழுத்து வந்து ஈலியில் மறுபடி கட்டினார்கள். நம்ம ஊரில் பிரித்த வீட்டின் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விலைக்கு நிற்கின்றன. எனக்கு அந்த வீட்டுக்குள் நின்றபோது கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

நெருப்பு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். 2011இல் அந்தக் காட்டில் மின்னலில் பிடித்த பகாமி கிரீக் தீ 90,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. காய்ந்த காலத்தில் விறகு மூட்டத் தடை போடுவார்கள், சின்ன கேஸ் அடுப்பு கட்டாயம் இருக்கட்டும். தடை இல்லாத நாளிலும் விழுந்து காய்ந்த குச்சிதான் எடுக்கணும். அணைக்கும்போது சாம்பலில் கை வைத்துப் பார்க்கிற அளவுக்குத் தண்ணீர் ஊற்று.

உள்ளே போனால் பெரும்பாலும் செல்போன் சிக்னல் இருக்காது. பெரிய ஏரிகளில் காற்று எழும்பிவிட்டால் அலை அடங்கும்வரை கரையில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஒரு நாள் முழுக்கவும் ஆகலாம். அதனால் போகிற பாதையை எழுதி அங்கே ஒரு நண்பனிடம் கொடு. எத்தனை மணிக்குள் வராவிட்டால் யாரைக் கூப்பிடணும் என்பதையும் அதில் எழுது. ஆச்சியிடம் மட்டும் திரும்பும் தேதியை ஒரு நாள் தள்ளியே சொல். இல்லாவிட்டால் அன்று ராத்திரி முழுக்க என்னைத் தூங்க விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
அம்மான்,
காரைக்குடி