சிறுவர் பட்டறை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நெம்புகோல், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு, சக்கரமும் அச்சும் ஆகிய எளிய எந்திரங்கள் ஆறையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், தம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். கழிவுப் பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்து காட்டி, 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அரவிந்த் குப்தாவின் வழியைப் பின்பற்றி, விலைகொடுத்து வாங்கும் அறிவியல் செய்முறைப் பெட்டிகளைத் தவிர்த்தோம்.

முதல் வகுப்பிலேயே பிளாஸ்டிக் கப்பி ஒன்று பாரம் தாங்காமல் உடைந்தது. அடியில் யாரும் இல்லாததால் காயம் ஏற்படவில்லை. அன்றுமுதல், தொங்கும் பாரத்தின் கீழ் எவரும் நிற்கக்கூடாது என்பதை விதியாக்கினோம். ஆழ்துளைக் கிணறு வந்தபின் வீட்டில் சும்மா கிடந்த, கிணற்றுக் கப்பிகளான இரும்பு ராட்டினங்களை உறுப்பினர்கள் கொடுத்து உதவினர்.

வேப்பங்கிளையில் ஒரு ராட்டினத்தைக் கட்டி, 10 கிலோ மணல் வாளியைச் சுருள்வில் தராசால் இழுத்தபோது, முள் பத்தையும் சற்றுத் தாண்டி நின்றது. பாரம் குறையும் என்று நம்பியிருந்த பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. வாளியோடு சேர்ந்து ஏறும்படி இன்னொரு ராட்டினத்தைக் கோத்ததும், முள் ஐந்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. அந்த மிச்சம் ராட்டினத்தின் எடையாலும் உராய்வாலும் வந்தது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி கயிற்றில் சாக்பீஸ் கோடிட்டு அளந்து, வாளி 1 மீட்டர் ஏற 2 மீட்டர் கயிறு இழுக்க வேண்டியிருப்பதைத் தானே கண்டுபிடித்தாள். நாங்கள் சொல்லிக்கொடுக்காமல் காத்திருந்தது வீண்போகவில்லை.

அரையாண்டு விடுமுறையில், நெம்புகோலுக்கு எடுத்துக்காட்டாக, கிணற்று நீர் இறைக்கும் ஏற்றம் ஒன்றை மூங்கிலால் சிறிதாகக் கட்டினோம். சிறுவயதில் ஏற்றம் இறைத்த பெரியவர்கள் உடனிருந்து, பின்முனையில் கட்டும் கல்லின் எடையைச் சரிசெய்து கொடுத்தார்கள். சால் எனும் நீர் அள்ளும் கலத்தை வெறுமையாகக் கீழே இழுக்கும்போது கல் மேலேறுவதும், நீர் நிறைந்த அக்கலத்தை அதே கல் தூக்கிவிடுவதும் பிள்ளைகளின் கைக்கே புரிந்தது. இவ்வாண்டில் மிகச் சிறந்த வகுப்பு இதுவே என்பது என் கருத்து.

சாய்தளமும் ஆப்பும் ஒரே நாளில் முடிந்தன. முக்கோணக் காகிதத்தைப் பென்சிலில் சுற்றி, திருகும் சுற்றிவைத்த சாய்தளமே என்று காட்டியதற்கு மேல் திருகில் எதுவும் செய்ய இயலவில்லை. வரும் ஆண்டில் மரத்திருகு கடைந்து தரத் தெரிந்த தச்சர் ஒருவரின் உதவியும், மேலும் இரண்டு தராசுகளும் தேவைப்படுகின்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்