பூஜ்ய நோட்டு

அன்புள்ள சேகர்,

இங்கு எல்லோரும் நலம். உன் வீட்டிலும் அப்படித்தானே? எட்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. வேலை அதிகம் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அது பொய். நீ கொடுத்த நோட்டைக் கெடுத்துவிட்டேன். அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

நீ முதன்முதலில் கொடுத்தாயே, அந்த ஊதா நிற பூஜ்ய யூரோ. சுற்றுலாத் தலங்களில் நினைவுப் பொருளாக விற்கிறார்களே, மதிப்பு 0 யூரோ என்று அச்சடித்த நோட்டு, அதுதான். மற்றதையெல்லாம் பாலியெஸ்டர் உறைக்கு மாற்றியபோது, நீ கொடுத்தபடியே இருக்கட்டும் என்று அதை மட்டும் பழைய பிவிசி பிளாஸ்டிக் உறையில் விட்டுவைத்தேன். பிவிசி வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கும் பொருள் நாளாக ஆகக் கசிந்து தாளில் இறங்குமாம். உருவியபோது பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு மூலையே மங்கிவிட்டது. உன் ஆல்பத்தை இன்றைக்கே பார். நாளைக்கு என்று தள்ளாதே, உன்னைத் தெரியாதா எனக்கு!

"செல்லாத நோட்டுக்கா இந்தத் துக்கம்?" என்கிறாள் ராஜி. எனக்குக் கோபமே வந்துவிட்டது. 2015-ல் பிரான்ஸில் இதைத் தொடங்கியவர்கள் ஏதோ ஒரு வழவழப்புத் தாளில் அச்சடித்து விற்றிருக்கலாம். செய்யவில்லையே. அசல் நோட்டுக்கான அதே பருத்தித் தாள், நீர்க்குறி, பாதுகாப்பு இழை, ஹாலோகிராம், வரிசை எண். ஒன்றுமே வாங்க முடியாத ஒரு தாளுக்கு இத்தனை அக்கறை காட்டியிருக்கிறார்கள். என்னை இழுப்பது அதுதான்.

அப்புறம், கார்ல் மார்க்ஸ் படம் போட்ட பூஜ்ய யூரோ கிடைத்துவிட்டது! 2018-ல் அவருடைய 200-வது பிறந்த ஆண்டுக்கு, அவர் பிறந்த ஜெர்மனியின் ட்ரியர் நகரில் 3 யூரோவுக்கு விற்றார்களே, அதேதான். பொருளின் பயன் மதிப்பு, பரிமாற்ற மதிப்பு என்று பக்கம் பக்கமாக எழுதிய மனிதரின் முகத்துக்குப் பக்கத்தில் பூஜ்யம். இரண்டு நாளாக அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் கண்ணனோடு சண்டை. நம்ம ஊர் பூஜ்ய ரூபாயையும் இந்த வரிசையில் வை என்கிறான். 2007-ல் ஐந்தாவது தூண் அமைப்பு லஞ்சம் கேட்பவரிடம் நீட்டுவதற்காக அச்சிட்டுக் கொடுத்தது அது. வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்று உறுதிமொழி போட்ட காந்தி நோட்டு. அதை நினைவுப் பொருள் என்று ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆல்பத்தில் இல்லை, சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

மார்க்ஸ் இன்னொன்று இருந்தது, இதோடு வைத்திருக்கிறேன். உன் பழைய நோட்டைத் தூக்கி எறியவில்லை. மங்கின மூலையோடு முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

உடனே பதில் போடு.

அன்புடன்,
முரளி