பிராட்லி மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். என் மகனுக்குப் பத்து வயது. தினமும் காலையில் இட்லி சாப்பிட்டதும், கவனம் நிலைக்க ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்புகிறான். அந்த வகை மருந்து பிள்ளைகளுக்கு உதவும் என்று முதலில் தெரியவந்தது உங்கள் இடத்தில்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் மருத்துவமனை உருவாகக் காரணமான சிறுமி எம்மா பெண்டில்டன் பிராட்லிக்கு ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்தாள், ஆனால் பழையபடி ஆகவில்லை. தங்கள் ஒரே பிள்ளை பட்ட கஷ்டத்திலிருந்து மற்ற பிள்ளைகளுக்காவது நல்லது பிறக்கட்டும் என்று அவள் அப்பா ஜார்ஜ் பிராட்லி சொத்தை உயில் எழுதிவைத்தார். 1931-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கிழக்கு பிராவிடன்ஸில், பிள்ளைகள் தங்கிச் சிகிச்சை பெறும் இல்லம் திறந்தது. குழந்தைகளுக்கென்றே அமெரிக்காவில் வந்த முதல் மனநல மருத்துவமனை அது.

அப்புறம் நடந்தது பலருக்கும் தெரியும். அங்கே வேலை பார்த்த டாக்டர் சார்லஸ் பிராட்லி 30 பிள்ளைகளுக்கு பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தார். 14 பேர் படிப்பில் ஆளே மாறிப்போனார்கள். 1937-இல் கட்டுரை வந்தது. ‘கணக்கு மாத்திரை’ என்று பெயர் வைத்தவர்கள் பிள்ளைகளே.

ஆனால் அந்த மருந்தை எதற்காகக் கொடுக்க ஆரம்பித்தார்கள்? அந்தக் காலத்தில் மூளையைப் படம் பிடிக்க, முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். பிறகு தலைவலி மண்டையைப் பிளக்கும். நீர் சீக்கிரம் ஊறினால் வலி குறையும் என்றுதான் பென்செட்ரின் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. வகுப்பில்தான் மாற்றம் தெரிந்தது. பிள்ளைகள் அங்கேயே தங்கி, அங்கேயே படித்ததால்தான் அது ஆசிரியர்கள் கண்ணில் பட்டது. மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகும் பிள்ளைகளாக இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

போன வாரம் மகன் கேட்டான்: “இந்த மாத்திரையை முதல்ல யாருப்பா சாப்பிட்டாங்க?” சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவங்களுக்குத் தலைவலி போச்சா?” என்றான்.

உங்களிடம் கேட்பது இதுதான். இந்த வரலாற்றைச் சொல்லும்போது டாக்டர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகளின் பெயர்களை வெளியிட வேண்டாம். அந்த ஊசியையும், வலியைத் தாங்கிய 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளையும், அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்