பூங்காவில் கொஞ்சம் அமைதி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை அண்ணா நகர் கோபுரப் பூங்காவுக்கு மாலையில் தவறாமல் செல்பவள் நான். 1968ஆம் ஆண்டு வர்த்தகக் கண்காட்சிக்காக எழுப்பிய கோபுரம் அது. பத்தாண்டுகளுக்கும் மேலாக ஏற அனுமதியில்லாமல் இருந்து, 2023இல் மீண்டும் திறந்தபோது பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றுப்பாதையில் மெல்ல ஏறினேன். சிறுமியாக என் அப்பாவுடன் ஏறிய அதே பாதை!

மற்ற நாட்களில் கீழேதான் இருப்பேன். மர நிழலில் ஒரு பெஞ்சு, மடியில் வறுத்த வேர்க்கடலை, எங்கிருந்தோ ஒரு குயில். இரண்டு அறை வீட்டில் நாளெல்லாம் அடைந்து கிடப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஓய்வு ஏது?

ஆனால் சில மாதங்களாகப் பலர் கைப்பேசியில் பாட்டையும் வீடியோவையும் ஊருக்கே கேட்கும்படி வைக்கிறார்கள். போன வாரம் பக்கத்துப் பெஞ்சில் கண்மூடி அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்கலாமே! நுழைவாயிலில் இதைச் சொல்லும் பெரிய பலகை ஒன்று வைத்தால், எடுத்துச் சொல்லக் காவலாளிகளுக்கும் தைரியம் வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அண்ணா நகர், சென்னை.